இடக்கைக்காரிக்கு ஒரு துவக்கு

மே 9, வியாழன்

காலை ஆறரைக்குக் கரடி வந்தது. குப்பைத் தொட்டியின் இரும்பு மூடியைக் கறிச்சட்டி மூடி போலத் திறந்துவிட்டு, ஏழாம் அறைக்காரர் எறிந்த கோழி எலும்புகளை ஆறுதலாக இருந்து சாப்பிட்டது. நான் கந்தோர் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அதுவும் என்னை ஒரு தரம் பார்த்தது. எங்கள் உபசாரத்தில் அதற்குக் குறை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

வனவிலங்குக் கந்தோருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பொறி வைக்க இப்போது ஆள் இல்லையாம். கரடி வரும் திகதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கட்டாம். ஆகவே இந்தக் கொப்பி.

பதினொரு அறை மோட்டல். ஒன்ராறியோவின் வடக்கு. முன்னால் நெடுஞ்சாலை, பின்னால் காடு, காட்டுக்குப் பின்னால் ஏரி. இருபத்திரண்டு வருடமாக நானும் மனைவி தவமலரும் நடத்துகிறோம். மூன்றாவது ஆள் எங்கள் மகன் துவாரகன். போன வருடம் ஏப்ரலில் ஏரி அவனை எடுத்துவிட்டது. பத்தொன்பது வயது. இது கரடிக் கொப்பி, அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

மே 11, சனி

கரடி. மாலை ஐந்து பத்து. மலர் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கொடிக்கு அந்தப் பக்கம் நின்றிருக்கிறது. நான் சட்டியைத் தட்டிக் கத்திக்கொண்டு ஓடினேன். மலர் அசையவில்லை. கரடி போன பிறகும் கையில் தலையணை உறையோடு அது போன வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனப்பா ஓடி வரேல்லை?"

"அது என்னை ஒண்டும் செய்யேல்லை," என்றாள். கரடியைக் குறை சொல்வது போலத்தான் இருந்தது.

முடிவெடுத்துவிட்டேன். ஒரு துவக்கு, வேட்டைத் துப்பாக்கி, வாங்க வேண்டும்.

மே 14, செவ்வாய்

துவக்குக்குப் பயந்து எண்ணாயிரம் மைல் ஓடி வந்த சனம் நாங்கள். பதினெட்டு வயதில் மூன்று நாள் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தவன் நான். இன்றைக்கு எய்னோவின் கடையில் நின்று, "இது தோளை உதைக்குமா?" என்று மாம்பழம் பொறுக்குகிறவன் மாதிரிக் கேட்கிறேன். அப்பா இருந்தால் கன்னத்தில் தந்திருப்பார்.

எய்னோ ஃபின்லாந்துக்காரர், எழுபது வயது. ஆணி முதல் துவக்கு வரை விற்கிறவர். துவக்கு வகுப்பு எடுக்கிறவரும் அவர்தான். ஒரு வருடமாக நான் அவர் கடைக்குப் போவதில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. ஆணி வேண்டியிருந்தால் நாற்பது மைல் தள்ளிப் போய் வாங்குவேன்.

அவர் பழைய கதை ஒன்றும் எடுக்கவில்லை. யாருக்கு, எதற்கு என்று மட்டும் கேட்டார். கரடிக்கு, கிடைத்தால் மானுக்கு, நான் இல்லாத நேரம் மனைவியும் வெடி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும், அவள் இடக்கைக்காரி என்றேன். "அப்படியென்றால் லீவர் வகை," என்று ஒன்றை எடுத்து நீட்டினார். மற்றவற்றில் சன்னம் ஏற்றும் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும், இடக்கைக்காரருக்குத் தொல்லை. இதில் விசைக்குக் கீழே ஒரு வளையம். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த சன்னம் தானாக ஏறிவிடும். எந்தக் கையும் ஒன்றுதான்.

"உன் மனைவி எப்படி இருக்கிறாள்?" என்று வாசல் வரை வந்து கேட்டார். நல்லாயிருக்கிறாள் என்றேன்.

மே 16, வியாழன்

கரடி வரவில்லை. ஆறாம் அறைக் குழாய் ஒழுகுகிறது.

காலையில் மலருக்கு இரண்டு குளிசை கொடுத்தேன். மாசியில் அவள் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வயிற்றுக் குத்து. எல்லோருக்கும் அப்படித்தான் சொன்னேன். வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, வீட்டில் உள்ள மருந்து எல்லாவற்றையும் பூட்டி வை, நேரத்துக்கு நேரம் நீயே எடுத்துக் கொடு என்றார். அன்றிலிருந்து எல்லாம் கந்தோர்ப் பெட்டகத்தில். பனடோல் கூட அங்கேதான். டொக்டர் சொன்னதில் ஒன்றைக்கூட நான் தவறவிட்டது கிடையாது.

மே 19, ஞாயிறு

குளிர்சாதனப் பெட்டி வாங்க நான்கு மாதம் விசாரித்தவன் நான். துவக்கை ஒரே நாளில் வாங்குவேனா? சன்ன அளவு ஒவ்வொன்றுக்கும் மோட்டல் கடதாசியில் கட்டம் போட்டேன்.

45-70: எருமையை விழுத்தவும் காணும். உதைத்தால் மலரின் தோள் கழன்றுவிடும். வேண்டாம்.

44 மெக்னம்: கிட்ட நின்றால் கரடிக்குக் காணும். மான் தூரத்தில் நின்றால் கஷ்டம்.

357: உதையே இல்லை. கரடிக்கு முன்னால் அதை நீட்டினால் கரடி சிரிக்கும் என்று எய்னோ சொல்கிறார்.

30-30: நூறு வருடமாக இந்தக் காட்டுக்காரர் வைத்திருப்பது. மான், கரடி இரண்டுக்கும் சரி. உதை, தாங்கக்கூடிய உதை.

வின்னிபெக்கில் டாக்சி ஓட்டும் சிநேகிதன் குகதாஸ் போன் எடுத்தான். இந்தியன் கடையில் புடலங்காய் வந்திருப்பதைச் சொல்ல எடுத்தவன், ஒரு மணித்தியாலம் துவக்கைப் பற்றிக் கதைத்தான்.

"சோதி, லைசன்ஸ் விண்ணப்பத்தில வேட்டை எண்டு மட்டும் எழுது. வீட்டுக் காவல் கீவல் எண்டு எழுதிப்போடாதை. இஞ்சை அது செல்லாது."

"கரடி வேலிக்குள்ளையல்லோ நிக்குது!"

"கரடிக்கு வேலி தெரியுமே? வேட்டை எண்டு எழுது."

மலர் பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தாள். நான் வேட்டைக்குப் போகப்போகிறேன் என்றேன். துவாரகன் போனதிலிருந்து அவள் மச்சம் மாமிசம் சாப்பிடுவதில்லை.

"மானை ஆர் சமைக்கிறது?"

"நீர்தான்."

"நீங்கள் சமைக்கப் பழகுங்கோ," என்றாள். பகிடி விடுகிறாள்! எத்தனை மாதத்துக்குப் பிறகு.

மே 23, வியாழன்

கரடி. காலை ஏழு. இரண்டு குட்டிகளும். இத்தனை நாளும் அம்மாக் கரடியென்று தெரியாமல் திட்டியிருக்கிறேன்.

மலர் யன்னலடியில் நின்று குட்டிகளைப் பார்த்தாள். தேத்தண்ணி ஆறிவிட்டது.

மே 26, ஞாயிறு

இன்று நான் சோறு வடித்தேன். பகிடி இல்லை, உண்மையாகவே பழக்குகிறாள். பருப்புக்கு எத்தனை தண்ணீர், சொதிக்குப் பால் விட்ட பிறகு ஏன் கொதிக்கவிடக் கூடாது, எல்லாம். குசினித் தட்டில் இருக்கும் போத்தல்கள் அத்தனைக்கும் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறாள். மல்லி, சீரகம், வெந்தயம். இருபத்தாறு வருடம் மணந்து பார்த்தே எடுத்தவளுக்கு எதற்குப் பெயர்? எனக்குத்தான். நான் பெருஞ்சீரகத்துக்கும் நற்சீரகத்துக்கும் வித்தியாசம் தெரியாதவன்.

கை வேலையில் மனம் இறங்கினால் துக்கம் குறையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். எங்கேயோ வாசித்தேன்.

சாப்பிடும்போது கேட்டாள்: "உந்தத் துவக்கு வந்தா எங்கை வைப்பியள்?"

"இரும்பு அலுமாரி ஒண்டு வாங்கிப் பூட்டி வைக்க வேணுமாம். சட்டம்."

"சாவி?"

"ரண்டு சாவி. ஒண்டு உம்மட்டைத்தான். நான் வெளியில போற நேரம் கரடி வந்தா?"

தலையாட்டினாள். அவளாக என்னிடம் ஒன்றைக் கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது. எனக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

ஜூன் 1, சனி

துவக்கு வகுப்பு, முதல் நாள். ஊர் மண்டபத்தில் பதின்மூன்று பேர். தலை நரைத்தவனும் கறுத்தவனும் நான் ஒருவன்தான். எய்னோ வெறும் துவக்கைக் கொடுத்து லீவரை இழுக்கச் சொன்னார். அந்தச் சத்தத்துக்கு என் முதுகு தானாகக் குனிந்தது. பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள்.

ஜூன் 2, ஞாயிறு

இரண்டாம் நாள். சோதனையில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு. சித்தியடைந்துவிட்டேன்.

கடைசியில் எய்னோ பேசினார். வீட்டுக்காகத் துவக்கு வாங்குகிறவர்கள் எல்லோரும் வெளியே யார் வருகிறார்கள் என்றுதான் பார்ப்பார்கள், முதலில் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள் என்றார். பிள்ளைகள், குடிக்கிறவர்கள், மனம் சோர்ந்தவர்கள். சொல்லும்போது என்னைப் பார்த்த மாதிரி இருந்தது. அவருக்கு அந்தப் பார்வை ஒரு வழக்கமாகிவிட்டது.

எங்கள் வீட்டில் குடிக்கிறவர் இல்லை. பிள்ளையும் இல்லை.

ஜூன் 8, சனி

கரடி. மாலை நாலு. குட்டிகளில் ஒன்றைக் காணவில்லை.

மலர் தன் கூறைச் சேலையையும் இன்னும் ஒன்பது சேலையையும் பெட்டி கட்டிக் குகதாஸின் மனைவிக்கு அனுப்பியிருக்கிறாள். இங்கே கட்டுவதற்கு என்ன இருக்கிறது என்கிறாள். அதுவும் சரிதான். ஆனால் கூறைச் சேலையை ஏன் என்று கேட்டேன். "பூச்சி வெட்டப் பாக்குது," என்றாள்.

ஜூன் 12, புதன்

துவக்கு லைசன்ஸ் விண்ணப்பம் நிரப்பினேன். என்னைத் தெரிந்த இருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒன்று குகதாஸ். மற்றது எய்னோ. எய்னோ பேனாவை எடுத்துவிட்டு வைத்தார். "மனைவியின் கையெழுத்து எங்கே?" என்றார். கட்டிய மனைவியும் வைக்க வேண்டுமாம். அவள் வைக்காவிட்டால் அதிகாரி அவளை அழைத்துக் கேட்பாராம்.

"அவள் வைப்பாள். அவள் வைக்காத கையெழுத்து இல்லை."

"முதலில் அவள் வைக்கட்டும். பிறகு நான்."

கிழவருக்குக் கொழுப்பு.

ஜூன் 15, சனி

எங்கள் வீட்டு முறை இது. நான் கடதாசியை வைத்து விரலால் இடத்தைக் காட்டுவேன். மலர் அந்த இடத்தில் கையெழுத்து வைப்பாள். வாசிக்க மாட்டாள். குடியுரிமை, மோட்டல் வாங்கிய உறுதி, வருடாவருடம் வரி, ஆஸ்பத்திரியில் துவாவின் உடலை எங்களிடம் தந்தபோது நீட்டிய கடதாசி, எல்லாம் அப்படித்தான்.

இன்று மத்தியானம் வழக்கம் போல விரலை வைத்தேன். "இஞ்சை ஒரு கையெழுத்து."

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். தேத்தண்ணி போட்டு வந்தேன், இன்னும் வாசித்துக்கொண்டு இருந்தாள். "இருக்கட்டும். பிறகு வைக்கிறன்," என்று மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தாள்.

ஜூன் 16, ஞாயிறு

கையெழுத்து வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கடைக்குப் போன் எடுத்து 30-30 ஒன்றை ஒதுக்கி வைக்கச் சொன்னேன். வெடித்த சன்னத்தின் வெற்றுக் கோது மேலால் போகும் பழைய வகை. பக்கத்தால் போகும் வகை இடக்கைக்காரரின் முகத்துக்கு முன்னால் எறியுமாம். எல்லாம் பார்த்துத்தான் தெரிவு செய்திருக்கிறேன்.

ஜூன் 18, செவ்வாய்

நாலாம் அறையில் கட்டிலுக்கு விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தோம். அவள் தலைமாட்டில், நான் கால்மாட்டில். விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்தபடி சொன்னாள்.

"நான் உதில கையெழுத்து வைக்க மாட்டன்."

"ஏன்? கரடி—"

"கரடியை விடுங்கோ. நான் கையெழுத்து வைச்சா அது வீட்டுக்கு வரும். அது வந்தா நான் இருக்க மாட்டன்."

நான் விரிப்பை விடவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் அதை இழுத்துச் சுருக்கு எடுத்துக்கொண்டு நின்றேன்.

"சாவி எங்கை எண்டு கேட்டனான். சமையல் பழக்கினனான். கூறையைக் குடுத்தனான். உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லையோ? பனடோலைப் பூட்டி வைச்சிட்டு, எனக்கெண்டு அளவு பாத்துத் துவக்கு எடுக்கிறியள். நான் நினைச்சன், இந்த மனுசனும் அதைத்தான் விரும்புறார் போல எண்டு."

"ஐயோ மலர்."

"கையெழுத்து வைக்கத்தான் இருந்தனான். மூண்டு நாள் வைச்சிருந்து பாத்தன். அதில கேள்வி ஒண்டு கிடந்தது, உங்கடை பாதுகாப்பைப் பற்றி உங்களுக்குக் கவலை இருக்கோ எண்டு. மனுசிமாரைக் கேக்கிற கேள்வி. ஒருத்தரும் என்னை அப்பிடிக் கேக்கேல்லை. ஒரு கடதாசி கேட்டுது."

அழுதது நான்தான். அவள் தலையணைக்கு உறை போட்டாள்.

பிறகு சொன்னாள்: "அண்டைக்கு நீங்கள் சொன்னது சரிதானே. அதாலதான்."

நான் சொன்னதை எழுதுகிறேன். இது கரடிக் கொப்பியாகவே இருக்கட்டும், எழுதத்தான் வேண்டும். ஏரிக்கு அந்தக் கரையில் துவாவின் சிநேகிதனின் தாய் சுகமில்லாமல் இருந்தாள். மலர் சூப் வைத்துத் துவாவிடம் கொடுத்துவிட்டாள். அவன் பனிவண்டியில் ஐஸ் மேலால் போனான். ஐஸ் உடைந்தது. அன்று ஆஸ்பத்திரியில், அவனைப் போர்த்தியிருந்த துணி நனைந்திருக்க, எல்லோருக்கும் முன்னால் நான் மலரைப் பார்த்துச் சொன்னேன்: "நீர்தானே அனுப்பினீர்."

ஒரே தரம்தான் சொன்னேன். பதினான்கு மாதமாக அவள் அதை ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை எழுத இன்றைக்கு என்னால் முடியாது.

ஜூன் 19, புதன்

சுகாதார நிலையத்துக்குப் போன் எடுத்தேன். மலர் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். வயிற்றுக் குத்து என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கிவிட்டு, என் மனைவிக்கு உயிரோடு இருக்க மனமில்லை, மாசியிலும் அதுதான் என்றேன். இங்கிலிஷில் சொல்வது கொஞ்சம் சுகம்.

தாதி ஒவ்வொன்றாகக் கேட்டாள். தனியே விடுகிறீர்களா, மருந்து எங்கே இருக்கிறது, வீட்டில் துவக்கு இருக்கிறதா.

"இல்லை."

"வாங்கும் எண்ணம் இருக்கிறதா?"

"எனக்கு இருந்தது. என் மனைவி கையெழுத்து வைக்கவில்லை."

பிறகு மலரிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள். மலர் அரை மணித்தியாலம் கதைத்தாள். நான் வெளியே போய்க் குப்பைத் தொட்டிக்குச் சங்கிலி கட்டினேன். கரடிக்கு இத்தனை நாளும் தேவைப்பட்டது ஒரு சங்கிலிதான்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நேரம் தந்திருக்கிறார்கள்.

மோட்டலைப் பார்க்க ஆள் வேண்டும். குகதாஸுக்கு எடுத்து உள்ளதைச் சொன்னேன்.

"சோதி," என்றான். "என்ரை மனுசிக்கும் ஒருக்கா வயித்துக் குத்து வந்ததடா. நான் ஞாயிறே வாறன்."

ஜூன் 24, திங்கள்

ஆஸ்பத்திரி மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். மலர் உள்ளே டொக்டரோடு இருக்கிறாள். ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள்.

காலை எட்டரைக்கு வெளிக்கிட்டோம். இரண்டு மணித்தியால ஓட்டம். பாதி வழி வரை மரம், மரம், பிறகு ஏரி, பிறகு மரம். இன்னும் தள்ளிப்போட்டால் நான் ஒருபோதும் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. பாதையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"மலர், துவா போன அண்டைக்குக் காலமை நான் எய்னோவின்ரை கடைக்குப் போனனான். ஏரி ஐஸ் உக்கிப் போச்சு, ஒருத்தரையும் விடாதை எண்டு அவர் எனக்குச் சொன்னவர். நான் வீட்டை வந்து சொல்லேல்லை. மூண்டாம் அறைக் கக்கூஸ் அடைச்சுப் போச்செண்டு போனனான், அப்பிடியே மறந்திட்டன். அவன் வெளிக்கிட்ட சத்தமும் கேட்டது. அப்பவும் ஞாபகம் வரேல்லை. பிறகு, எல்லாம் முடிஞ்ச பிறகு, ஞாபகம் வந்தது. அதாலதான் உம்மைச் சொன்னனான். நான் உம்மைச் சொல்லாட்டி ஆரும் என்னைக் கேப்பினமோ எண்ட பயத்தில."

அவள் அழவில்லை.

"எய்னோ எத்தினை மணிக்குச் சொன்னவர்?"

"ஒன்பதரை."

"துவா போனது பன்னிரண்டுக்கு."

"ஓம்."

"இரண்டரை மணித்தியாலம்," என்றாள். கொஞ்சத் தூரம் போன பிறகு, "காரை நிப்பாட்டுங்கோ," என்றாள்.

நிறுத்தினேன். இறங்கிப் பாதையோரம் நடந்தாள். மரம் ஏற்றிய லொறிகள் காற்றை அள்ளி அடித்துக்கொண்டு போயின. ஒவ்வொரு லொறிக்கும் என் உயிர் போய் வந்தது. இறங்கிப் பின்னால் போனேன். திரும்பாமலே, "வராதேங்கோ," என்று கத்தினாள். அவள் அவ்வளவு பலமாகக் கத்தி நான் கேட்டதில்லை. நின்ற இடத்தில் நின்றேன். இருபது நிமிடம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பிறகு வந்து என்னைக் கடந்து போய், முன் கதவைத் திறக்காமல் பின் கதவைத் திறந்து ஏறினாள்.

நானும் ஏறினேன். பின்னாலிருந்து என் தோளில் அடித்தாள். பிறகு கழுத்தில், தலையில், மூச்சு வாங்கும் வரை அடித்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் கை ஓய்ந்து, இருக்கையில் சாய்ந்து, மூக்கைச் சிந்தினாள்.

"பதினொரு மணிக்கெல்லோ எனக்கு நேரம் தந்திருக்கினம்," என்றாள். "பிந்தப் போகுது. காரை எடுங்கோ."